அனுமதிக்கவா, தடுக்கவா

வேலை உத்தரவு வந்த அன்று சுந்தரேசன் வீட்டில் பாயசம் வைத்தார்கள். வித்யாவுக்கு மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரு வேலை. கல்கத்தா நியூ டவுனில் ஒரு கம்பெனி. நோயாளிகளின் வியாதியையும் சிகிச்சையையும் எண்களாக மாற்றி எழுதுகிற மெடிக்கல் கோடிங் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும்.

எல்லோரும் பாயசத்தைக் குடித்து முடித்த பிறகுதான் வித்யா உத்தரவின் கடைசி வரியைப் படித்தாள். இந்த மாதத்துக்குள் கோடிங் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் உத்தரவு செல்லாது. மாதத்தில் மிச்சம் இருந்த பரீட்சை நாள் ஒன்றே ஒன்று. அது இந்தச் சனிக்கிழமை.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம். பதினோரு மணிக்கு ஆரம்பம். பதினொன்றரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். கதவு என்றால் கண்ணுக்குத் தெரியாத கதவு. ஆனால் சாத்தினால் சாத்தினதுதான்.

கல்யாணம் முறிந்து கல்கத்தாவுக்குத் திரும்பி வந்ததிலிருந்து வித்யா அப்பாவின் பென்ஷனில் சாப்பிடுகிறாள். அதை யாரும் சொல்லிக் காட்டியதில்லை. காட்டாததுதான் அவளை உறுத்தும்.

சனிக்கிழமை காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே சுந்தரேசன் வழக்கமான உபதேசத்தை ஆரம்பித்தார்.

"தெரியாத நம்பர்லேர்ந்து கால் வந்தா முதல்ல நாம பேசப்படாது. அவன் பேசறதைக் கேக்கணும். சந்தேகம் வந்தா கட் பண்ணணும், நம்பரை பிளாக் பண்ணணும், போனை ஆஃப் பண்ணி வெச்சுடணும். ஒரு மணி நேரம் தொடவே கூடாது."

"தினமும் சொல்றேளே, எங்களுக்கு மனப்பாடம் ஆயிடுத்து" என்றாள் நாகலக்ஷ்மி, இன்னொரு இட்லியை அவர் தட்டில் போட்டபடி.

"மனப்பாடம் ஆனா போறாது. ரத்தத்துல ஊறணும்."

அவர் ரத்தத்தில் ஊறியதற்குக் காரணம் இருந்தது. வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். ஆய்வுக்கு அவர் வருகிறார் என்றால் துர்காபூர் கிளை மேனேஜருக்கு முதல் நாளே தூக்கம் போய்விடும். அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் போலீஸ் உடுப்புப் போட்ட ஒருவன் வீடியோவில் வந்து ஒரு பகல் முழுவதும் அறைக்குள் உட்கார வைத்தான். உங்கள் மகள் எங்கள் காவலில் இருக்கிறாள் என்றான். அதற்குச் சாட்சியாக ஒரு குரலையும் கேட்க வைத்தான். "அப்பா, அவா கேக்கறதைக் குடுத்துடுங்கோப்பா" என்று அந்தக் குரல் அழுதது. வித்யாவின் குரலேதான்.

அவர் வங்கிக் கணக்கைத் திறந்து கொண்டிருந்தபோது நிஜ வித்யா கரியாஹாட் மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு வாசல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். அதனால் பணம் தப்பியது. மானம் தப்பவில்லை. அந்தச் சாயங்காலம் அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு "வித்யா வந்துட்டா, வித்யா வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்ததை நாகலக்ஷ்மி இன்னும் மறக்கவில்லை.

மறுநாளே அவர் லேப்டாப்பில் ஒரு ஃபயர்வால் வாங்கிப் போட்டார். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் காவல் காக்கிற சாஃப்ட்வேர். புதிதாக எது நடந்தாலும் திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பி, அனுமதிக்கவா, தடுக்கவா என்று கேட்கும். சுந்தரேசன் தடுப்பார். பாஸ்வேர்டு அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பழைய போன் நம்பர் திருடன் கையில் இருக்கிறது என்று தன் போனைப் பீரோவில் பூட்டிவிட்டு, நாகலக்ஷ்மியின் போனை எடுத்துக்கொண்டார். அதில் வீட்டு மனிதர்களைத் தவிர மற்ற நம்பர்களையெல்லாம் அழித்தார்.

"நான் ஆத்துல இருந்தா உனக்கு டென்ஷன்" என்று வித்யாவிடம் சொல்லிவிட்டு ஒன்பதரை மணிக்குப் பையை எடுத்துக்கொண்டார். "லேக் மார்க்கெட்ல காபிப் பொடி வாங்கிண்டு அப்படியே ஒரு நடை போயிட்டு வரேன். நீ நன்னா எழுது. கொஸ்டினை ரெண்டு தரம் படி."

படியிறங்கும் வரை அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. மகளுக்கு நல்லது நடக்கப் போகிறது என்று நம்புகிற அப்பாவின் சிரிப்பு.

பத்தரைக்கு வித்யா அறைக் கதவைச் சாத்தினாள். மேஜை மேல் ஒன்றும் இருக்கக்கூடாது என்பது விதி. தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தைக்கூட உரித்திருந்தாள். பரீட்சை புரோகிராமைத் திறந்தாள்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, சர்வரோடு தொடர்பு கிடைக்கவில்லை என்று வந்தது.

"அம்மா, நெட் போயிடுத்தா பாரு."

நாகலக்ஷ்மி ஹாலில் மோடத்தைப் பார்த்தாள். பச்சை விளக்குகள் எல்லாம் எரிந்தன. இருந்தாலும் அணைத்துப் போட்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது, வித்யாவுக்கும் தெரியாது. விளக்குகள் மறுபடி ஒவ்வொன்றாக எரிந்தன. வட்டம் மறுபடி சுற்றியது.

இத்தனைக்கும் செய்தித்தாள் பக்கம் திறக்கிறது. மெயில் திறக்கிறது. பரீட்சை மட்டும்தான் திறக்கவில்லை. வித்யா தன் போனிலிருந்து இணைப்பு கொடுத்துப் பார்த்தாள். அப்போதும் அதே வரி.

கேபிள்காரருக்கு போன் செய்தாள். அவர் அங்கிருந்தே எதையோ பார்த்துவிட்டு, "லைன் டீக் ஆச்சே, தீதி" என்றார். லைன் சரியாக இருக்கிறதாம். சரியாக இருக்கிற லைனை அவர் எப்படிச் சரி செய்வார்.

"புதன்கிழமை டெஸ்ட் பண்ணிப் பார்த்தியே, வந்துதே" என்றாள் நாகலக்ஷ்மி.

"வந்துதும்மா. நன்னா வந்துது."

பரீட்சைக்காரர்களின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். வரிசையில் காத்திருக்கவும் என்று ஒரு சங்கீதம் ஓடியது. பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். மிக மரியாதையான ஆங்கிலம். அவள் சொன்ன இடங்களையெல்லாம் வித்யா திறந்து படித்துச் சொன்னாள்.

"உங்கள் கம்ப்யூட்டரில் ஃபயர்வால் இருக்கிறது, மேடம். அதுதான் எங்கள் புரோகிராமைத் தடுத்திருக்கிறது. வியாழக்கிழமை யாரோ 'தடு' என்று கொடுத்திருக்கிறார்கள். அதை நிறுத்திவிட்டு வாருங்கள்."

வியாழக்கிழமை. வித்யாவுக்கு நினைவு வந்தது. அன்று பரீட்சைக்காரர்கள் புரோகிராமின் புதிய பதிப்பை அனுப்பியிருந்தார்கள். அப்பா லேப்டாப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஏதோ ஒண்ணு வெளியே போறேன்னுது. பேரு செக்யூராம், சேஃபாம். தன்னைத்தானே யோக்கியன்னு சொல்லிக்கறவன்தான் முதல் திருடன்" என்றார். அவள் அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

நிறுத்து என்ற இடத்தை அமுக்கினாள். பாஸ்வேர்டு கேட்டது. அந்த சாஃப்ட்வேரையே எடுத்துவிடலாம் என்று பார்த்தாள். அதற்கும் பாஸ்வேர்டு கேட்டது.

"வேறு கம்ப்யூட்டரில் எழுதலாமா?" என்று உதவிப் பெண்ணிடம் கேட்டாள்.

"பதிவு செய்த கம்ப்யூட்டரில்தான் எழுத முடியும், மேடம். கொஞ்சம் காத்திருங்கள், எங்கள் மேலதிகாரியிடம் கேட்கிறேன். தயவுசெய்து லைனைத் துண்டிக்காதீர்கள். துண்டித்தால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள்."

மறுபடி சங்கீதம். வித்யா அந்தப் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள். அதைத் துண்டிக்க முடியாது. அம்மாவின் போன் அப்பாவிடம். அப்பாவின் போன் பீரோவில், சாவி அப்பாவின் பூணூலில்.

எதிர் ஃப்ளாட் வங்காளி அண்ணி, ஷர்மிளா பௌதியின் கதவைத் தட்டினாள். பௌதி மீன் கழுவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் போனைக் கொடுத்தாள்.

அதில் அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. எடுத்தார். பேசவில்லை.

பின்னால் சங்கு ஊதுகிற சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன.

"அப்பா, நான் வித்யா பேசறேன். ஃபயர்வால் பாஸ்வேர்டு சொல்லுங்கோப்பா, சீக்கிரம். டைம் இல்லை."

பதிலுக்குச் சங்குதான் ஊதியது.

"அப்பா, கேக்கறதா? பாஸ்வேர்டுப்பா. ப்ளீஸ்ப்பா." அழக்கூடாது என்று நினைத்தாள். நினைக்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

"எந்த வித்யா?" என்றார் சுந்தரேசன்.

"அப்பா, நான்தாம்ப்பா."

"என் பொண்ணு இப்போ பரீட்சை எழுதிண்டிருக்கா. பரீட்சை ரூம்ல போனே வெச்சுக்கப்படாது. அதுகூடத் தெரியாம வந்துட்டே. ஒரு தரம் ஏமாந்தாச்சு. வேற ஆளைப் பாரு."

"அப்பா, காலம்பற நீங்கோ இட்லி சாப்..."

இணைப்பு போய்விட்டது.

மறுபடி கூப்பிட்டாள். மணியே அடிக்கவில்லை. பௌதியின் நம்பரைத் தடுத்திருந்தார். வித்யா ஓடி வந்து தன் போனிலிருந்த உதவி எண்ணைத் துண்டித்தாள். போனால் போகட்டும் வரிசை. தன் நம்பரிலிருந்தே அழைத்தாள்.

நீங்கள் அழைக்கும் எண் சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்று ஒரு பெண் பெங்காலியில் சொன்னாள், பிறகு ஹிந்தியில், பிறகு ஆங்கிலத்தில். மூன்று பாஷையிலும் ஒரே சேதி.

அப்பாவின் விதி அப்பாவிடம் எழுத்துப் பிசகாமல் நிறைவேறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் தொட மாட்டார்.

"நான் போய் இழுத்துண்டு வரேன்" என்று நாகலக்ஷ்மி செருப்பை மாட்டினாள்.

"எங்கேம்மா போவே?"

"லேக் மார்க்கெட்தானே. நாலு கடைதான். அவர் வேறெங்க போவார்."

காபிப் பொடிக் கடைக்காரர் செந்தில்நாதன், "மாமா அப்பவே வாங்கிட்டுப் போயிட்டாரே மாமி. இன்னிக்கு வித்யாவுக்குப் பரீட்சை, காளிகிட்ட சொல்லிட்டு வரேன்னு காளிகாட் பக்கம் நடந்தாரு" என்றார்.

சனிக்கிழமை காளிகாட். ஊரிலுள்ள குறைகளெல்லாம் அம்மனிடம் வந்து சேருகிற நாள். நாகலக்ஷ்மி ஆட்டோவில் போய் இறங்கினாள். சந்தின் முனையிலிருந்தே கூட்டம் நெருக்கியது. செம்பருத்தி மாலையும் பேடாப் பெட்டியுமாக ஆயிரம் பேர். அதில் பாதிப் பேர் வெள்ளைச் சட்டை போட்ட வழுக்கைத் தலைக் கிழவர்கள். கையில் போன் இல்லை. கூப்பிட்டுக் கத்தலாம் என்றால், நாற்பத்து மூன்று வருஷமாக "ஏன்னா" என்று கூப்பிட்டவளுக்குத் தெருவில் நின்று புருஷன் பேரைச் சொல்லி வாய் வரவில்லை.

பண்டா என்கிற கோவில் பூசாரி ஒருவன் பூசைத் தட்டோடு ஓடி வந்து அவளை மடக்கினான். அவனிடம் என்ன சொல்வாள். என் வீட்டுக்காரர் உள்ளே என் பெண்ணுக்காகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார், அவரைக் கும்பிடாமல் வெளியே வரச் சொல் என்றா.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். கோபுரம் இருந்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு திரும்பி நடந்தாள்.

வீட்டில் வித்யா பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டிருந்தாள். அம்மா பெயர். தன் பிறந்த தேதி. அப்பா முதலில் வேலை பார்த்த கிளை. அதற்கு மேல் முயன்றபோது, தவறான முயற்சிகள் அதிகமாகிவிட்டன, சற்று நேரம் கழித்து வரவும் என்று எழுதி அந்தப் பெட்டியும் மூடிக்கொண்டது.

மறுபடி கூப்பிட்ட உதவி எண்ணில் சங்கீதம் முதலிலிருந்து ஓடியது. பதினொன்றரைக்குச் சில நிமிஷங்கள் முன்பு வேறொரு பெண் வந்தாள். இவளும் மரியாதைதான்.

"உங்கள் நிலைமை புரிகிறது, மேடம். நான் குறித்துக்கொண்டேன். முடிந்தால் எங்கள் மேலதிகாரி உங்களை அழைப்பார். அந்த அழைப்பு வேறு எண்ணிலிருந்து வரலாம். உறுதி சொல்ல முடியாது."

பதினொன்றரை ஆனதும் திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. 'தேர்வர் ஆஜராகவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி வந்தது.

ஆஜராகவில்லையாம். பத்தரை மணியிலிருந்து ஆஜராகி உட்கார்ந்திருக்கிறாள். வித்யா லேப்டாப்பை மூடவில்லை. காகிதம் உரித்த பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அழுகைகூட வரவில்லை. அதைப் பௌதியின் போனில் செலவழித்தாகிவிட்டது.

நாகலக்ஷ்மி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் சுந்தரேசன் வந்தார். நெற்றியில் குங்குமம். பையில் காபிப் பொடி, கையில் பேடாப் பெட்டி, அதன் மேல் ஒரு செம்பருத்தி. அறைக்கதவு திறந்திருப்பதைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அதுக்குள்ள முடிச்சுட்டியா? கெட்டிக்காரி. உன் பேருக்கு அர்ச்சனை பண்ணிண்டு வந்தேன். பண்டா உன் பேரை நாலு தரம் தப்பாச் சொன்னான், நான் விடலை. முதல்ல கையை நீட்டு."

வித்யா கையை நீட்டினாள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"இன்னிக்கு ஒரு தமாஷ் கேளு நாகு. கோவில் வரிசையில நிக்கறேன், ஒரு போன். அதே கும்பல். அதே வித்யா குரல். இந்தத் தரம் பாஸ்வேர்டு வேணுமாம். என்னமா அழுதா தெரியுமோ. பெத்த மனசு ஒரு நிமிஷம் ஆடித்தான் போச்சு." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் அசையலை. பொண்ணு பரீட்சை ரூம்ல இருக்கா, அங்கே ஏது போன்னு ஒரே கேள்வி. வாயடைச்சுப் போயிட்டா. இந்தத் தரம் அப்பா ஏமாறலை வித்யா."

இரண்டு மாதத்தில் அவர் இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நாகலக்ஷ்மி பார்த்ததில்லை.

"அது நான்தாம்ப்பா" என்றாள் வித்யா.

"எது?"

"பௌதி போன்லேர்ந்து நான்தான் பேசினேன். ஃபயர்வால் பரீட்சையைத் திறக்க விடலை. வியாழக்கிழமை நீங்கோ தடுத்துட்டேள்."

சுந்தரேசன் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். திரையில் இருந்த வரியை ஒரு தரம் படித்தார். கொஸ்டினை இரண்டு தரம் படி என்று காலையில் சொன்னவர், அதை இரண்டாம் தரம் படிக்கவில்லை.

"இப்போ போடலாமோல்லியோ? பாஸ்வேர்டு போடறேன், நீ எழுதிடு" என்றார். குரல் அவருடையதாக இல்லை.

"முடிஞ்சு போச்சுப்பா."

"இல்லை, போட்டுப் பார்க்கலாம்."

ஒற்றை விரலால் தட்டினார். ஓர் எழுத்து தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து வந்தார். மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. வித்யா அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ். வித்யா வந்துட்டா.

அதுதான் பாஸ்வேர்டு.

அவளுக்கு அப்பா மேல் ஆத்திரப்பட வேண்டும் போலிருந்தது. முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டும் போலும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

பூட்டு திறந்தது. பரீட்சை புரோகிராம் உடனே ஓடி வந்து சர்வரைத் தொட்டது. தேர்வர் ஆஜராகவில்லை என்று அதுவும் சொன்னது.

"திங்கட்கிழமை நான் அந்தக் கம்பெனிக்கே போய்ப் பேசறேன். தப்பு என்னுதுன்னு சொல்றேன்" என்றார் சுந்தரேசன். கம்பெனிக்கு யார் தப்பு என்பதா கவலை.

அப்போது பேடாப் பெட்டிக்குப் பக்கத்தில் வித்யாவின் போன் அடித்தது. தெரியாத எண்.

சுந்தரேசனின் கை தன்னால் சிவப்புப் பட்டனுக்குப் போயிற்று. பாதி வழியில் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீயே எடும்மா" என்றார்.

வித்யா ஸ்பீக்கரில் போட்டாள். ஓர் ஆண் குரல், ஆங்கிலத்தில்.

"மிஸ் வித்யாலக்ஷ்மி? உங்கள் பரீட்சை விஷயமாக அழைக்கிறேன். உங்கள் புகார் என் முன்னால் இருக்கிறது. இன்று மாலை உங்களுக்கு மறுபடி இடம் தர முடியும்."

நாகலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்கள்தான் பேசுகிறீர்கள் என்று நான் உறுதி செய்துகொள்ள வேண்டும், மேடம். இப்போது உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும். அதைச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம்தான் செல்லும்."

போன் ஒரு தரம் அதிர்ந்தது. எண் வந்துவிட்டது. அது பரீட்சைக்காரர்களுடையதா, அந்தப் பழைய கும்பலுடையதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"மேடம், லைனில் இருக்கிறீர்களா?"

வித்யா போனின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

"சொல்லட்டுமாப்பா, வேண்டாமா?"

சந்தேகம் வந்தால் கையெழுத்துப் போடாதே என்று முப்பத்தைந்து வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், வாயைத் திறந்தார். மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.